ஆவி நீக்கம்

வேலைச்சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
பறக்கும் தட்டைத் தூக்கும் கம்பியை எடு.
ஜந்துவின் முதுகு ஜிப்பை எடு.
ஆறாம் சுருளில், பிணங்களின் வாயிலிருந்து
ஆவியை எடு.

ஐம்பத்தேழாம் வருஷத்துப் படம். கறுப்பு வெள்ளை.
லிங்கன்ஷையரின் தட்டைவெளியில்
ஸ்கெல்விக் என்றொரு ஊர்.
கதைப்படி அங்கே ஜூன் மாதம்.
வானத்திலிருந்து ஒன்று இறங்கி
முட்டைக்கோஸ் வயலில் குந்துகிறது.
அது முனகினால் போதும்,
நின்றவர் நின்ற இடத்திலேயே சரிவார்கள்.

படம் பிடித்ததோ பிப்ரவரியில்.

அந்த ஜந்துவைச் சிரிக்காமல் பார்க்க முடியாது.
லாரி டியூப், கிளிசரின்,
கசாப்புக்காரர் ஆம்ப்ளர் இனாமாகத் தந்த
மாட்டுக்குடல் ஒரு கூடை.
ஓரிடத்தில் இடறி விழுந்து
நம்மைப்போலவே
முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறது.

ஆறாம் சுருளில் சிரிப்பு நின்றுவிடும்.
இசை கிடையாது. காற்றுகூடக் கிடையாது.
சைக்கிளோடு சாய்ந்த தபால்காரர்.
ரொட்டிக்கூடைமேல் கவிழ்ந்த பெண்.
தண்ணீர்ப் பம்படியில் ஒரு பையன்,
ஒற்றைக் காலுறை மட்டும் கீழே இறங்கி.
கேமரா அவர்கள்மேல் ஊர்கிறது,
கடன்காரன் வீட்டுச் சாமான்களை எண்ணுகிறவன்போல.

தயாரிப்புக் கோப்பில் பெயர்கள் இருக்கின்றன, கூலியோடு.
ஈனக் டாப்ஸ்காட், விழுந்து கிடக்க, பத்து ஷில்லிங்.
ஹெஸ்டர் புல்லிமோர், பத்து ஷில்லிங்; ரொட்டிக்குத் தனி.
பையன் க்ளெம், ஐந்து.
சின்னச் சாவுக்குப் பாதி விலை.
ஓரத்தில் பென்சில் எழுத்து, யாருடையதோ, கோபமாக:
‘மூச்சு விடக் கூடாதென்று மூன்று தரம் சொல்லியாயிற்று.’

விட்டார்கள்.
குளிருக்குக் கதை தெரியுமா?
ஆவி பிரிந்த வாய்களிலிருந்து
ஆவி பறந்துகொண்டே இருக்கிறது.

சோஹோவில், நிலவறையில், இரவு ஷிப்ட்.
வேலை கடினமில்லை.
பக்கத்துச் சட்டகத்திலிருந்து
கொஞ்சம் வெறுங்காற்றை வெட்டியெடுத்து
வாயருகே ஒட்டுப்போட வேண்டும்.
ஈனக்கின் ஒரு மூச்சு நாற்பது சட்டகம்.
ஹெஸ்டருக்கு இருபத்தாறு; மேல்மூச்சு.
இரண்டு மணிக்குள் இரண்டு பேரையும் முடித்துவிட்டேன்.
டீ ஆறிப்போயிருந்தது.

பையன் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான்.
நூற்றுப்பத்துச் சட்டகம்வரை ஒன்றுமில்லை.
நூற்றைம்பது. ஒன்றுமில்லை.
கன்னம் மட்டும் மெல்ல உப்புகிறது.
நூற்றெழுபதில்
பொத்துக்கொண்டு வருகிறது ஒரு பெரிய வெள்ளை மேகம்,
முகமே மறையும்படி.
மேகத்துக்குப் பின்னால் பல் தெரிகிறது.
சிரிக்கிறான், படுபாவி.

போன வாரமே அந்த ஊர்ச்சபைக்குத் தொலைபேசியில் பேசியிருந்தேன்,
எழுத்துப்பட்டியலில் பெயர்களைச் சரியாகப் போடுவதற்காக.
எழுத்தர் பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டினார்.
டாப்ஸ்காட், அடுத்த குளிர்காலமே, நுரையீரல்.
புல்லிமோர் அம்மா, எழுபத்தொன்பதில்.
க்ளெமா? ஆஸ்திரேலியா போனதாகச் சொல்வார்கள்.
அதற்குப்பின் கடிதமில்லை.
‘இங்கே ஜூனிலும் குளிர்தான்,’ என்றார், கேட்காமலே.

தூரிகையைப் பையனின் வாயருகே வைத்தேன்.
அறையில் வேறு வெளிச்சமில்லை.
கணினியின் விசிறி முனக ஆரம்பித்தது.
அந்த முனகலை எனக்குத் தெரியும்.
இரண்டு வாரமாகக் கேட்டு
மனப்பாடமே ஆகிவிட்ட முனகல்.
கறுப்புத் திரையோரத்தில் என் முகம் தெரிந்தது,
ஈரமாக, கண்கூசி, உடலில்லாமல்,
அந்த ஊர்த்தெருவுக்கு மேலே
அந்தரத்தில் தொங்கிக்கொண்டு.

மாட்டுக்குடலுக்குள் இருந்த ஆளாவது
ஐந்து மணிக்கு ஜிப்பைத் திறந்து
வீட்டுக்குப் போயிருப்பான்.

காலையில் மார்வென்னா வந்தாள், மழைக்கோட்டோடு.
கம்பி போயிற்றா? போயிற்று.
ஜிப்? போயிற்று.
பிணங்கள்? சுத்தம், என்றேன்.
நின்றபடியே கையெழுத்துப் போட்டாள்.

நூற்றெழுபதிலிருந்து இருநூற்றெட்டுவரை,
முழுசாய் ஒன்றரை நொடி,
க்ளெம் அங்கேதான் இருக்கிறான்.

அதைப் பற்றி
நான் மூச்சு விடவில்லை.